கல்யாணப் பத்திரிகை யாரை அழைக்கிறது?

கல்யாணப் பத்திரிகையில் வழக்கமாக ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். "இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு, சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து..." என்று போகும் அது. ஆயிரம் காப்பி அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, கவரில் போட்டு அனுப்புகிற ஒரு காகிதம், 'நான் போதாது, எனக்குத் தெரியும்' என்று தானாகவே ஒத்துக்கொள்கிறது. தேர்தல் நோட்டீஸோ ஜவுளிக்கடை நோட்டீஸோ இப்படி மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப் போய் நீண்டதுதான் இந்தக் கட்டுரை. பி.காம். படிக்கிற ஆளுக்கு எதற்குச் சரித்திர ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் 'இது எதற்கு ஆதாரம்?' என்று கேட்கச் சொல்லித்தானே மூன்று வருடமாக எங்களைப் பழக்குகிறார்கள்!

முதலில் ரொம்பப் பழைய கதை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணம் எப்படி அறிவிக்கப்பட்டது தெரியுமா? பெண்களை யானை மேல் ஏற்றி, புகார் நகரம் முழுக்கச் சுற்றிவந்து சொல்ல வைத்தார்கள். பெரிய வணிகர் வீட்டுக் கல்யாணம், ஊருக்கே அழைப்பு. (மாப்பிள்ளைக்கு 16 வயது, பெண்ணுக்கு 12. இன்றைக்கு என்றால் யானைக்குப் பின்னால் சைல்டு லைன்காரர்கள் வந்திருப்பார்கள்.) எழுத்து என்பதே அதில் இல்லை. வாய்ச்சொல்லும் ஊர்வலமும்தான்.

எழுத்து வருவதைப் பெரியபுராணத்தில் பார்க்கலாம். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. சுந்தரர் கல்யாணத்துக்கு மண ஓலை ஏந்திக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, 'உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இது' என்று இன்னொரு ஓலையை நீட்டுகிறார். ஓர் ஓலை கூட்டிய கல்யாணத்தை இன்னோர் ஓலை நிறுத்திவிட்டது. ஓலை என்றால் அழைப்பு மட்டுமில்லை, அது கோர்ட்டில் வைக்கிற சாட்சியும்கூட என்பது அந்தக் காலத்திலேயே இருந்த எண்ணம்.

இந்த இடத்தில் சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். ஓலை பனையின் இலை. மடல் என்பதும் பனையிலிருந்து வந்த சொல்தான். இதழ் என்றால் பூவின் இதழ். பத்திரம் என்ற வடசொல்லுக்கும் இலை என்றுதான் பொருள், அதிலிருந்து வந்ததுதான் பத்திரிகை. ஆனால் வீட்டுப் பத்திரம், கடன் பத்திரம் என்றும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். அழைப்பும் ஆவணமும் ஒரே இலையில் முளைத்தவை. கட்டுரையின் கடைசி வரைக்கும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு ஆகும்.

ஆனால் சாதாரண ஜனங்கள் கல்யாணத்துக்கு அழைத்தது வேறோர் இலையை வைத்து. வெற்றிலை! தட்டில் வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமத்தோடு வீடு வீடாகப் போவது. தெற்குப் பக்கத்தில் இதற்கு 'பாக்கு வைக்கிறது' என்றே பெயர். முதலில் குலதெய்வம், பிறகு தாய்மாமன் வீடு, பிறகு பங்காளிகள், சம்பந்திகள் என்று ஒரு வரிசை உண்டு. வீட்டுத் தலைவாசலில் நின்று சொல்லிவிட்டு வரக்கூடாது, உள்ளே போய் உட்கார்ந்து, வீட்டுப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும். ஆண்கள் போய் ஆண்களையும், பெண்கள் போய்ப் பெண்களையும் தனித்தனியாக அழைக்கிற ஊர்களும் உண்டு. நல்லதுக்கு அழைத்தால்தான் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்று வீட்டில் சொல்வார்களே, அந்த 'அழைத்தால்தான்' என்பதன் அர்த்தம் இந்தத் தட்டுதான். பாக்கு வைக்காத வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வரவில்லை என்று அவர்கள் மேல் குறையும் சொல்ல முடியாது.

இந்த நடைமுறைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அழைக்க வேண்டியவர்கள் எல்லாரும் நடந்தோ வண்டி கட்டியோ போகிற தூரத்தில் இருக்க வேண்டும். 19-ம் நூற்றாண்டு அதை உடைத்துவிட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டம், பர்மா, மலாயா என்று ஆட்கள் போனார்கள். ரயில் வந்த பிறகு உள்நாட்டுக்குள்ளும் சிதறினார்கள். அதே காலத்தில் இரண்டு விஷயங்கள் மலிவாயின. ஒன்று தபால். 1854-ல் இந்தியா முழுக்கத் தூரத்தைப் பார்க்காமல் எடைக்கு மட்டும் காசு என்று ஆனது, கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரையணா. 1879-ல் காலணா போஸ்ட் கார்டு வந்தது. இன்னொன்று அச்சு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சடித்துவிட்டார் என்றாலும், நம்மவர்கள் தடையில்லாமல் அச்சகம் வைக்க முடிந்தது 1835-ல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான். ஊருக்கு ஊர் அச்சுக்கூடம் முளைத்தது. சின்ன ஊர் அச்சகம் புத்தகம் போட்டுப் பிழைக்க முடியாது. ரசீதுப் புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, இவைதான் அதற்குத் தினச் சோறு.

ஆக, தட்டோடு போக முடியாத தூரத்துக்குக் காகிதம் போனது. அந்த மன்னிப்பு வரி பிறந்தது இந்தப் பிளவில்தான் என்பது என் ஊகம். காகிதம் வெற்றிலைக்குப் பதிலாள். பதிலாள் என்பதைத் தானே அறிவித்துக்கொள்கிற பதிலாள். உள்ளூரில் பாருங்கள், பத்திரிகை வந்து இத்தனை காலம் ஆன பிறகும் அதைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துத்தான் கொடுக்கிறோம். தபாலில் வந்த பத்திரிகையைப் பார்த்து 'தபால்ல போட்டுட்டான்ல' என்று முகம் சுருங்கும் பெரியப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

தபால் முறை பற்றியும் ஒரு வார்த்தை. உறையை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதி அனுப்புவது பல பத்தாண்டுகள் நடந்த வழக்கம். அச்சடித்த தாள் என்பதால் கடிதத்தைவிடக் கட்டணம் குறைவு. உள்ளே கையால் கடிதம் எழுதி வைத்தால் அந்தச் சலுகை கிடையாது. நலம் விசாரிக்கக்கூட இடமில்லாத அழைப்பு! 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததும் வீட்டில் ஒரு அட்ரஸ் நோட்டு தேவைப்பட்டது. வர முடியாதவர்கள் வாழ்த்துத் தந்தி அடித்தார்கள், 2013 ஜூலையில் தந்தியே போய்விட்டது.

சரி, இனி என் பாடத்துக்கு வருகிறேன். செலவுக் கணக்கு.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் லேபிளோடு நிற்கவில்லை. காலண்டர், டைரி, சாமி படம், கடைசியில் கல்யாணக் கார்டு. மழை குறைந்த கரிசல் பூமி இந்தியாவின் பெரிய அச்சு ஊர்களில் ஒன்றானது இப்படித்தான்.

சிவகாசி செய்த மாற்றம் என்னவென்றால், பத்திரிகையை இரண்டாகப் பிரித்தது. பிள்ளையார், குத்துவிளக்கு, மாலை மாற்றும் கைகள் எல்லாம் ஆஃப்செட்டில் லட்சக்கணக்கில் முன்கூட்டியே அச்சாகிவிடும். நடுவில் வெற்றிடம். அந்தக் கார்டுகள் சென்னை பாரிமுனையின் ஆண்டர்சன் தெரு மாதிரி இடங்களில் கடை கடையாகத் தொங்கும். நாம் ஆல்பத்தைப் புரட்டி ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்தால், பெயரையும் தேதியையும் மட்டும் உள்ளூர் டிரெடில் மிஷினில் (பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங், மினி ஆஃப்செட்) ஓட்டிக் கொடுப்பார்கள். அதனால் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் கலர் பத்திரிகை கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அச்சுக் கோத்து மிஷினில் ஏற்றும் செலவு எத்தனை காப்பி அடித்தாலும் ஒன்றுதான். பேச்சுக்கு அது 1,000 ரூபாய், கார்டு ஒன்றுக்கு 5 ரூபாய் என்று வையுங்கள். 100 அடித்தால் ஒரு பத்திரிகை 15 ரூபாய். 500 அடித்தால் 7 ரூபாய். 1,000 அடித்தால் 6 ரூபாய். உடனே மாமா சொல்வார், 'எதுக்கும் ஆயிரமாவே அடிச்சிருவோம்'. அடித்த பிறகு மிச்சப் பத்திரிகைகளுக்கு ஆள் தேட ஆரம்பிப்பார்கள். உறவைப் பார்த்துப் பத்திரிகை அடித்த காலம் போய், பத்திரிகையைப் பார்த்து உறவைத் தேடிய காலம் வந்தது. நிலைச் செலவு, மாறும் செலவு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

இனி பத்திரிகைக்குள்ளே போவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று தலைமுறைப் பத்திரிகைகள் இருக்கின்றன. வரிசையாக அடுக்கினால் தமிழ்நாட்டு அரசியல் வரலாறு தெரிகிறது. பழசில் 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை', நடுவில் 'திருமண அழைப்பு', புதுசில் 'திருமண அழைப்பிதழ்'. 'சிரஞ்சீவி' என்பது 'திருநிறைச்செல்வன்' ஆகிறது, 'சௌபாக்கியவதி' என்பது 'திருநிறைச்செல்வி' ஆகிறது. வருஷம் ஆண்டாகிறது, கிருகம் இல்லமாகிறது. மறைமலையடிகள் 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை மேடையில் கேட்காத, புத்தகத்தில் படிக்காத குடும்பங்களிலும் அது கல்யாணப் பத்திரிகை வழியாக நுழைந்திருக்கிறது. சில பத்திரிகைகளில் திருவள்ளுவர் ஆண்டு போட்டிருக்கும், ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிக்கொள்ள வேண்டும். எழுத்தே மாறியிருக்கிறது. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய பத்திரிகைகளில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையோடு நிற்கின்றன.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெறும் 'விஷு வருஷம் ஆவணி' என்று மட்டும் இருந்தால் அது 1941-ஆ 2001-ஆ என்று சொல்ல முடியாது, 60 வருடச் சுற்று அல்லவா. பிற்காலத்துப் பேரப்பிள்ளைகள் திண்டாடாமல் இருக்க, தயவுசெய்து ஆங்கிலத் தேதியையும் போடுங்கள்.

பெயருக்குப் பின்னால் இருந்த வால் மறைந்ததும் இந்தப் பெட்டியில் தெரிகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தாத்தாவின் அப்பா பெயரில் பட்டம் இருக்கிறது, தாத்தா பெயரில் பாதிப் பத்திரிகைகளில் இருக்கிறது, அப்பா பெயரில் இல்லை. ஆனால் சாதி போய்விட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிட முடியாது. பெயரிலிருந்து இறங்கி, சாதித் தலைவர் படமாக அட்டையில் ஏறிய பத்திரிகைகளும் வீட்டுக்கு வருகின்றன.

சுயமரியாதைத் திருமணப் பத்திரிகைகள் தனி ரகம். 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். இந்தப் பத்திரிகைகளில் லக்னம், நட்சத்திரம் இருக்காது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று பொதுக்கூட்ட நோட்டீஸ் போலவே இருக்கும். 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்ற சொல் வரும். ராகு காலத்திலேயே வேண்டுமென்று நேரம் குறித்தவர்களும் உண்டு.

இவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சடங்கு இல்லாத கல்யாணம் இந்துச் சட்டப்படி செல்லுமா? செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் மனைவிக்குச் சொத்துரிமை, பிள்ளைகளுக்கு வாரிசுரிமை எல்லாம் கேள்விக்குறி. அண்ணா முதல்வரான பிறகு 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள், 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று அது சொன்னது. நடுவில் 40 வருடம். தாலி இல்லாமல், ஐயர் இல்லாமல், ரிஜிஸ்டரும் பண்ணாமல் வாழ்ந்த தம்பதிகள் பலர் கையில் இருந்த எழுத்துச் சாட்சி ஒரு அச்சடித்த அழைப்பும், இருந்தால் ஒரு போட்டோவும்தான். அதைப் பத்திரமாக (!) வைத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.

பெயர்ப் பட்டியல் சண்டையைச் சொல்லாமல் விட்டால் நீங்களே திட்டுவீர்கள். புரூஃப் வந்த அன்றைக்கு வீட்டில் நடப்பதுதான் உண்மையான கல்யாணக் கலாட்டா. தாய்மாமன் பெயர் பெரியப்பா பெயருக்கு மேலா கீழா? பேசாமல் இருக்கும் சித்தப்பா பெயரைப் போடுவதா? போடாவிட்டால் உறவு முடிந்தது என்று அச்சில் அறிவித்த மாதிரி. போட்டால் அதுவே சமாதானத் தூது. எங்கள் வீட்டுப் பழைய பத்திரிகைகளில் பெண்ணைப் பெற்ற அம்மாவின் பெயரே கிடையாது, 'எனது குமாரத்தி' என்று அப்பா மட்டும் அழைப்பார். அம்மா கைம்பெண் என்றால் இன்னும் மோசம், அவர் பெற்ற பிள்ளைக்கு அண்ணனோ கொழுந்தனோ அழைப்பு விடுத்திருப்பார். தந்தை பெயர் மட்டும் இறந்த பிறகும் 'அமரர்' என்ற அடைமொழியோடு வந்து நிற்கும். செத்த அப்பாவுக்கு இடம் இருக்கிறது, உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு இல்லை. எங்கள் அத்தை கல்யாணப் பத்திரிகையில்தான் முதல்முறையாக ஆச்சி பெயர் ஏறியிருக்கிறது. அது அழைப்பா, பதிவா? நீங்களே சொல்லுங்கள்.

அழைப்புப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? பாதி மொய் நோட்டிலிருந்து. யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்குச் செய்தோம் என்ற லெட்ஜர் அது. அந்த வகையில் பத்திரிகை ஒரு நினைவூட்டல் கடிதமும்கூட. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், ஆலங்குடி, பேராவூரணிப் பக்கம் இதைப் பட்டவர்த்தனமாகவே செய்கிறார்கள். ஆடி, ஆவணியில் மொய் விருந்து. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பலர் சேர்ந்து பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்கி, அந்தப் பணத்தில் தொழிலோ விவசாயமோ செய்து, பிறகு திருப்பிச் செய்வார்கள். வட்டியில்லாக் கடன் சந்தை. இதில் எனக்குக் கேலி இல்லை, பாங்க் கதவைத் திறக்காத ஊரில் இது நல்ல ஏற்பாடு.

பிறகு அரசாங்கமும் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்தது. 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்துக்கு விண்ணப்பத்தோடு பத்திரிகை வைக்க வேண்டும் (2022-ல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறிவிட்டது). 2009 சட்டத்தால் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானபோது, கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகக் காட்டக்கூடியவற்றில் பத்திரிகையும் ஒன்று. 2016 நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்களே, அந்த மாதக் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு 24,000 ரூபாய்தான் எடுக்கலாம். பிறகு கல்யாணத்துக்கு மட்டும் 2.5 லட்சம் வரை எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஆதாரம்? மண்டபம் புக் பண்ணிய ரசீது, கல்யாணப் பத்திரிகை. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்த காலம் போய் பாங்க் மேனேஜருக்கு முதல் பத்திரிகை. 2020 ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டபோதும் பத்திரிகையைத்தான் அப்லோடு பண்ணினார்கள். 50 பேர்தான் வரலாம் என்ற விதி இருந்த நாட்களில், பத்திரிகையில் இருந்த பெயர்களைவிடப் பந்தியில் இருந்த ஆட்கள் குறைவு. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடே அச்சடித்துவிட்டார்கள்.

இப்போது வாட்ஸப்பில் வருகிறது. பத்திரிகை என்ற பெயரில் வருகிற ஏபிகே ஃபைலைத் தொட்டு பாங்கு பணத்தை இழந்த செய்திகள் 2024-லிருந்து வருவதால், தெரியாத நம்பரிலிருந்து வந்தால் திறக்காதீர்கள். ஆனால் கவனியுங்கள், வாட்ஸப்பில் அனுப்பிய பிறகும் போன் பண்ணி 'நேர்ல வர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க' என்கிறார்கள். அதே வரி!

பத்திரிகை அடிக்க முடியாத கல்யாணங்களும் இருக்கின்றன. வீட்டுக்குத் தெரியாமல், சாதி மாறி, உயிருக்குப் பயந்து பண்ணிக்கொள்கிறவர்கள். வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது, அது நாலு பேர் அறிய நடக்க வேண்டும் என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 7-ஏ பிரிவில் பகிரங்க அறிவிப்பு வேண்டும் என்று எங்கும் இல்லை, எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவில் இருக்கிறவர்களை ஊருக்கு அறிவித்துத்தான் கல்யாணம் பண்ண வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது.

சட்டம் சரிதான். ஆனாலும் பதிவு ஆபீஸில் ஆதாரம் கேட்கிறார்கள் இல்லையா. எங்கள் ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மெனு கார்டு மாதிரி எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், 'கலர் ஜெராக்ஸ், லேமினேஷன், திருமண அழைப்பிதழ் 10 காப்பி உடனடி'. கல்யாணம் முடிந்து வருகிறவர்களுக்கு அது. பிள்ளையார் படம், இரண்டு பெயர், தேதி, இடம். ஒரு காப்பி ஃபைலுக்குப் போகும். 'இதையே நேரில் வந்து அழைத்ததாக' என்ற வரியும் அதில் அச்சாகியிருக்கிறது, டெம்ப்ளேட்டில் இருப்பதால்.